நிக்கோடிமஸும் ரயிலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் பணியாற்றுகிறேன். அண்மையில் 24ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே செல்லும் வழியில் கான்சஸ் மாநிலத்தின் நிக்கோடிமஸ் என்னும் சிற்றூரில் இறங்கிப் பார்த்தேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் உருவாக்கிய ஊர் அது. இன்று ஐந்து பழைய கட்டடங்களும் சில வீடுகளுமே எஞ்சியுள்ளன. ரயில் வராததால் ஊர் அழிந்தது என்று சொல்கிறார்கள். ரயில் வராததால் ஒரு விவசாய ஊர் அழியுமா? கறுப்பர்களின் ஊர் என்பதால்தான் ரயில் ஒதுங்கிப் போயிற்றா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் கேள்விப்பட்ட விளக்கம் பாதிதான் சரி. ரயில் அழித்தது நிக்கோடிமஸின் கடைத்தெருவை. அதன் விவசாயிகள் அதற்குப் பின்னும் ஒரு தலைமுறைக்கு மேல் அங்கேயே உழுதுகொண்டிருந்தார்கள். கடைத்தெருவின் முடிவுக்கும் நிலத்தின் முடிவுக்கும் காரணங்கள் வேறு.

ஊரைத் திட்டமிட்டவர்களில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையர் நில வணிகர். நகர நிறுவனத்தின் தலைவரான டபிள்யூ. எச். ஸ்மித் கறுப்பினத்தவர். குடியேற அழைக்கும் இவர்களுடைய துண்டறிக்கைகள் கென்டக்கி மாநிலத்தில் பரவிய 1877ஆம் ஆண்டில்தான், உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்களில் நிறுத்தப்பட்டிருந்த கூட்டரசுப் படைகளும் விலக்கிக்கொள்ளப்பட்டன. அடிமை முறை ஒழிந்த பிறகும் குத்தகையிலும் கடனிலும் சிக்கியிருந்த மக்களுக்குச் சொந்த நிலம் என்ற சொல் போதுமானதாக இருந்தது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் அது அவருடையதாகிவிடும். செப்டம்பரில் முந்நூறு பேருக்கு மேல் எல்லிஸ் என்ற ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வடக்கே மீதி வழியை நடந்தும் வண்டியிலும் கடந்தார்கள்.

செப்டம்பர் என்பதுதான் முதல் கேடு. கோடைப் பயிருக்குப் பருவம் தவறிவிட்டது. வீடு கட்ட மரமில்லை. புகையிலையும் சணலும் விளைவித்துப் பழகியவர்களுக்கு மழை குறைந்த புல்வெளியின் இறுகிய மண் புதிது. மண்ணைக் குடைந்து குழிவீடுகளில் தங்கினார்கள். வந்து பார்த்துவிட்டு உடனே திரும்பிய குடும்பங்களும் உண்டு. அந்தக் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த இறைச்சியும், ஆண்கள் வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குப் போய் ஈட்டியதும்தான் அவர்களைக் காப்பாற்றின. 1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டபோது கணவர் தரையிலிருந்து எழுந்த புகையைச் சுட்டிக்காட்டியதாகவும், அதைக் கண்டு தாம் அழுததாகவும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதல் உழவுக்கு ஊர் முழுவதிலும் மூன்றே குதிரைகள் இருந்தன. மண்வெட்டியால் கொத்தி விதைத்தவர்களே மிகுதி.

ஆனால் ஊர் நிலைபெற்றது. 1878இல் அங்கே வந்த எட்வர்ட் மெக்கேப் 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மாநிலத்தில் மாநில அளவிலான பதவிக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் அவர். 1887 வாக்கில் விடுதி, கடைகள், தேவாலயங்கள், பள்ளி ஆகியவற்றோடு இரண்டு செய்தித்தாள்களும் இருந்தன. கடைக்காரர்களில் சிலர் வெள்ளையர்கள்.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். புல்வெளி மாநிலங்களில் தானியம் ரயிலடிக்குத்தான் போயாக வேண்டும். ரயிலடியில் தானியக் கிடங்கு. கிடங்குக்கு வரும் வண்டிக்காரர்கள் திரும்பும்போது வாங்கும் உப்பும் துணியும் ஆணியுமே கடைக்காரரின் வியாபாரம். ஆகவே ரயில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கடைத்தெரு இருக்க முடியும். ரயில் நிறுவனங்கள் இதை அறிந்து, யார் கூடுதல் பணம் தருகிறார்கள் என்று ஊர்களுக்கிடையே ஏலம் நடத்தின. 1887இல் மிசௌரி பசிபிக் நிறுவனத்துக்காக 16,000 டாலர் கடன் பத்திரம் வெளியிட நிக்கோடிமஸ் வாக்களித்தது. அந்த ரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் பாதை சில மைல் தள்ளி, சாலமன் ஆற்றின் தென்கரையில் அமைந்தது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. கடைக்காரர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். சிலர் கடைக் கட்டடங்களையே பெயர்த்து எடுத்துச் சென்றார்கள்.

நிறம்தான் காரணமா என்று கேட்கிறீர்கள். கான்சஸில் வெள்ளையர்களின் ஊர்கள் ஏராளமானவை இதே வகையில் மறைந்தன. ரயில் தவறிய ஊர் எவருடையதானாலும் பிழைப்பது அரிது. அதே பாதை ஹில் சிட்டி வழியாகச் சென்றது. பெயரிலிருந்தே தெரியும், அதுவும் நம் நில வணிகர் ஹில் உருவாக்கிய ஊர்தான். இரண்டு ஊர்களில் மனை விற்ற அவருக்கு எது பிழைத்தாலும் இழப்பில்லை. அவரைப் பெரிய கொடையாளராகக் காட்டும் பேச்சு எனக்கு உவப்பானதல்ல.

நிறத்தின் சுமையை நான் வேறிடத்தில் காண்கிறேன். கைமுதலின்றி வந்தவர்களுக்கு ஏரும் குதிரையும் வாங்கவே ஆண்டுகள் ஆயின. இருந்தும் குளிர்காலக் கோதுமை கைகொடுத்ததால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தின் கறுப்பின விவசாயிகள் ஓரளவு வளமாகவே வாழ்ந்தார்கள். 1929க்குப் பிறகு விலை வீழ்ந்தது. 1930களின் வறட்சியில் புழுதிப் புயல்கள் மேல்மண்ணை வாரிச் சென்றன. 1935இல் ஊரில் 76 பேர். 1950இல் 16 பேர். 1953இல் அஞ்சல் நிலையமும் மூடப்பட்டது. டிராக்டர் வந்த பிறகு 160 ஏக்கர் என்பது ஒரு குடும்பத்துக்குப் போதாத நிலமாகிவிட்டது. பண்ணையைப் பெருக்கக் கடன் வேண்டும். அந்தக் கடனில்தான் நிறம் குறுக்கிட்டது. அமெரிக்க வேளாண் துறை கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் வழங்குவதில் பாகுபாடு காட்டியது என்று நாடளாவிய அளவில் தொடுக்கப்பட்ட வழக்கு 1999இல்தான் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

நீங்கள் பார்த்த ஐந்து கட்டடங்களும் 1996 முதல் தேசிய வரலாற்றுத் தலம். அவற்றில் சுண்ணாம்புக்கல்லாலான நகர மன்றம் கடைத்தெரு மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1939இல், அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கட்டப்பட்டது. மறுமுறை போவதானால் ஜூலை இறுதியில் போங்கள். மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்டதை ஒட்டி அங்கே ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள்; பல மாநிலங்களுக்குப் பிரிந்து சென்ற வழித்தோன்றல்கள் அப்போது ஊர் திரும்புவார்கள். உங்கள் கேள்வியை அவர்களிடமே கேட்கலாம்.