கணக்குக் கடிதத்திலிருந்து காதல் கதை எழுதலாமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஐயா (தாத்தா) ரங்கூனிலிருந்து 1929 முதல் 1935 வரை எழுதிய கடிதங்கள் கிடைத்தன. எல்லாமே அவருடைய அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) எழுதியவை. வட்டி, நெல் விலை, யார் எவ்வளவு பாக்கி என்பதுதான் முழுக்க. அப்பத்தாவைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி வந்தால் அதிகம். இருந்தாலும் இவர்கள் கதையைச் சரித்திரக் காதல் நாவலாக எழுத ஆசை. காதலே இல்லாத கடிதங்களை வைத்து எப்படித் தொடங்குவது? எவ்வளவு ஆராய்ச்சி வேண்டும்? வேலைக்குப் போய்க்கொண்டே எழுத முடியுமா? வீட்டுப் பெரியவர்கள் ஆட்சேபித்தால் என்ன செய்வது?"

தாராளமாக எழுதலாம். சொல்லப்போனால், காதல் வசனம் நிறைந்த கடிதங்கள் கிடைத்திருந்தால்தான் உங்களுக்குச் சிரமம். எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிட்டிருப்பார்கள்.

செட்டிநாட்டை வைத்துக் காதல் நாவல் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து தொடங்குகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி என்று முதல் அத்தியாயம் போய்விடும். நான் வருடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். இரண்டு பேரைப் பிரித்து வைப்பது எது, அவர்கள் சேர எதைத் தாண்ட வேண்டும் என்பதுதான் காதல் கதையின் எலும்பு. அந்தத் தடை எந்த வருடத்திலும் பொருந்துவதாக இருந்தால், பட்டுச்சேலை கட்டிய இன்றைய கதை ஆகிவிடும். அந்த வருடத்துக்கே உரிய தடையாக இருந்தால்தான் அது சரித்திரக் காதல். உங்கள் கையில் இருக்கும் ஆறு வருடங்கள் அந்த வகையில் பெரிய சொத்து.

அந்த ஆறு வருடத்தில் என்ன நடந்தது? 1929-30ல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழு, அங்கே ஏறக்குறைய 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. கீழ் பர்மாவின் நெல் விவசாயமே இந்தக் கடன் பணத்தில்தான் நடந்தது. உடனே உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயியால் திருப்பித் தர முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930ல் சுமார் 6 சதவீதம், 1937 வாக்கில் சுமார் 25 சதவீதம். வெளியே இருந்து பார்த்தால் இது பணக்காரர் ஆன கதை. கடையின் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவருக்கோ அது மூச்சு முட்டிய காலம். நிலத்தைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்ப முடியாது. கடையில் பணம் போட்டவர்கள் ரொக்கம் கேட்பார்கள். நிலத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பவும் முடியாது.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போகிறவர்களுக்கு வழக்கமான தவணை மூன்று வருடம். உங்கள் ஐயா ஆறு வருடம் இருந்திருக்கிறார். ஆக, 1932ல் அவர் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த வருடத்துக் கடிதங்களைத் தனியே எடுத்து வையுங்கள். நெல் விலை என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் 'இப்போதைக்கு வர முடியாது' என்பதுதான் செய்தி என்று வைத்துப் படித்துப் பாருங்கள். முகப்பில் மாமனார் உரக்கப் படிக்க, உள்ளே நிலைக்கதவுக்குப் பின்னால் நின்று ஒரு பெண் அதைக் கேட்கிறாள். தன்னைப் பற்றிய கடைசி வரிக்காக அவ்வளவு வட்டிக் கணக்கையும் கேட்டாக வேண்டும். வருடம் ஆக ஆக, கடைசி வரி வரும் முன்பே நெல் விலையிலிருந்தே அவளுக்குப் பதில் தெரிந்துவிடும். நாவலின் முதல் காட்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம்.

இன்னொன்றையும் தேடுங்கள். கடிதங்களிலோ, வீட்டில் பேரேடு ஏதும் மிஞ்சியிருந்தால் அதிலோ, அப்பத்தாவின் பேரில் வரவு இருக்கிறதா? பெண்ணுக்கு வந்த சீதனப் பணத்தை அவள் கணக்கிலேயே கடையில் போட்டு வட்டி கூட்டிக்கொண்டு போவது நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வழக்கம். மந்தம் வந்தபோது அந்தத் தொகையும் ஆபத்தில் இருந்தது. கேட்டு வாங்கிவிடு என்று பிறந்த வீட்டில் சொல்லியிருப்பார்கள். கேட்டால் கணவர் கடை ஆட்டம் காணும், கேட்காவிட்டால் தன் எதிர்காலம் போகும். அவள் கேட்காமல் விட்டிருந்தால் அதைவிடப் பெரிய காதல் வசனம் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் இன்னும் நல்ல நாவல் கிடைக்கும். செட்டிநாட்டுப் பெண்ணை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறவளாக எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். திருமணமான சில காலத்தில் 'வேறு வைத்து' விடுவார்கள், ஒரே வளவுக்குள் (நடு முற்றமும் சுற்றியுள்ள அறைகளும்) அவளுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு, தனிக் கணக்கு. ஆண்கள் கடல் கடந்திருந்த ஊர்களில் வீட்டையும் நில புலத்தையும் பார்த்துக்கொண்டவர்கள் ஆச்சிகள்தான். உங்கள் நாயகிக்குக் கணக்குத் தெரியும். அதிலிருந்து அவள் குணத்தைக் கட்டுங்கள்.

வயது விஷயத்தில் கவனமாக இருங்கள். பெண்ணுக்குக் குறைந்தபட்சம் 14, ஆணுக்கு 18 என்று சொன்ன சாரதா சட்டமே 1930 ஏப்ரல் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்த திருமணங்களில் பெண் சிறுமியாகவே இருந்திருக்கக்கூடும். அங்கே காதலை வைக்காதீர்கள், வைக்கவும் கூடாது. திருமணத்தை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, அவர் திரும்பி வரும் 1935ல் கதையின் நெஞ்சை வையுங்கள். இப்போது அவள் வளர்ந்த பெண், தனியாகக் குடித்தனம் நடத்திப் பழகியவள். அவர் நஷ்டத்தைப் பார்த்துவிட்டு வந்த மனிதர். தாலி கட்டிய இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. செட்டிநாட்டின் காதல் கதை பெரும்பாலும் திருமணத்துக்குப் பின்னால் தொடங்குகிற கதை என்பது என் துணிபு. கல்லூரி வாசலில் சந்திக்கும் கதையை இங்கே பொருத்தப் பார்த்து வீணாகிப்போன நாவல்கள் நிறைய.

சரி, அவர்கள் எங்கே பேசுவார்கள்? வீடு இப்போதுதான் வேலைக்கு வருகிறது. முகப்பும் பட்டாலையும் ஆண்கள் இடம். இரண்டாம் கட்டும் அடுப்படியும் பெண்கள் இடம். நடுவே வளவு. ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதிக்கும்) வளவைச் சுற்றி ஓர் அறை உண்டு, ஆனால் அது சாமான் வைக்கவும் இரவில் படுக்கவும்தான். பகலில் அந்தக் கதவைச் சாத்தினால் வளவு முழுக்கத் தெரியும். அத்தனை பெரிய வீட்டில் கணவன் மனைவி தனியே நின்று பேச ஓர் இடம் கிடையாது. இந்த முரண்பாட்டை விடாதீர்கள். மழை பெய்யும்போது வளவில் விழும் தண்ணீரைப் பிடிக்க அண்டாவும் குடமுமாக எல்லாரும் ஓடுவார்கள். அந்தச் சந்தடியில் அவர் ஒரு குடத்தை எடுத்து அவள் கையில் கொடுக்கலாம். பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ள (திரியிட்ட மாவை வாங்கி உண்ண) வீடே கூடும்போது பார்வைகள் சந்திக்கலாம். ரங்கூனிலிருந்து வந்த மரவைகளை (அரக்குப் பூசிய பாத்திரங்களை) பங்கிடும்போது ஒன்று மட்டும் அவள் பக்கம் தள்ளி வைக்கப்படலாம். வாசகர் இதற்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அவருக்குப் பர்மாவில் இன்னொரு குடும்பம் இருந்திருக்குமோ என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். பெண்களை உடன் அழைத்துப் போகாத காலம், அப்படி நடந்ததும் உண்டு. உங்கள் குடும்பத்தில் அதற்கு அடையாளம் இல்லை என்றால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஆனால் நாயகியின் மனதில் அந்தச் சந்தேகம் ஒரு தடவையாவது வராமல் இருக்காது. அதை மறைத்தால் வாசகிகள் நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் காதல் கதையாக ஒன்று வேண்டுமானால், அதே ஊரில் ஓர் இளம் விதவையை வையுங்கள். காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917லேயே தொடங்கிவிட்டது, 1919ல் பாரதியார் அங்கே வந்து போயிருக்கிறார். சீர்திருத்தப் பேச்சு இங்கே புதிதல்ல. 1930களில் 'மாதர் மறுமணம்' என்ற பெயரிலேயே காரைக்குடியிலிருந்து ஓர் இதழ் வந்தது. அந்த இதழ் யாருக்கும் தெரியாமல் கை மாறி ஒரு பெண்ணிடம் வந்து சேர்கிறது என்றால், அது அந்தக் காலத்துக்கே உரிய காதல்.

ஆராய்ச்சி எவ்வளவு வேண்டும் என்றால், நாயகியின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை தடங்கலின்றிச் சொல்லத் தெரியும் அளவுக்கு. அதற்கு மேல் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். முதலில் வீட்டிலேயே தேடுங்கள். இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), மொய்ப்பண ஏடு, முறைச்சிட்டை (சீர்க் கணக்கு) எதுவாவது இருந்தால், என்ன பாத்திரம், என்ன நகை, யார் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்கு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போய்வாருங்கள். அதற்கு அடித்தளமே கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான். கதைகளைவிட அந்த இதழ்களின் விளம்பரங்களைப் படியுங்கள். சோப்பு, மருந்து, சேலை என்று அன்றாடம் முழுக்க அங்கே இருக்கும்.

சறுக்கும் இடங்கள் சில உண்டு. காரைக்குடி வழியாக ரயில் வந்ததே 1930 வாக்கில்தான். அதனால் 1929ல் ஐயாவை ஸ்டேஷனில் வழியனுப்பாதீர்கள். 1935ல் அவர் தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கலாம், அவர் போனபோது இல்லாத ஸ்டேஷன் அது. பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவோடுதான் இருந்தது, ஆகவே அந்நிய நாடு என்ற பேச்சு வராது. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பங்காளிகள், அவர்களுக்குள் கல்யாணப் பேச்சு எழாது. எனவே ஒன்பது நகரக் கோயில்களில் யார் எந்தக் கோயில் என்று பாத்திரங்களுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் உமையாள், சிகப்பி, மெய்யப்பன், சொக்கலிங்கம் என்று இருக்கட்டும். ஐயா, ஆயா, அப்பத்தா, அண்ணமிண்டி என்ற உறவுப்பெயர்கள் எல்லாம் சரியாக விழுந்தால் பாதி சரித்திரம் தானாக வந்துவிடும். அப்புறம், ஜப்பான் பர்மாவைத் தாக்கியபோது நடந்த நடைப்பயணமும் குண்டுவீச்சும் விறுவிறுப்பாக இருக்கும் என்று கதையை 1942க்கு இழுக்காதீர்கள். உங்கள் கதை 1935ல் முடிகிற கதை.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது பற்றி: முடியும், பெரும்பாலான நாவலாசிரியைகள் அப்படித்தான் எழுதுகிறோம். காதல் நாவலை மனம் வந்தபோது எழுதலாம் என்று விட்டால், இருவருக்கும் நடுவில் கட்டி வைத்த இறுக்கம் இடைவெளியில் தளர்ந்துவிடும். தினம் கொஞ்சமாக, ஒரே நேரத்தில் எழுதுங்கள். காட்சியின் நடுவில் நிறுத்தினால் மறுநாள் தொடங்குவது சுலபம். வாராவாரம் தொடராக வெளியிடுவதானால், பாதி நாவலையாவது கையில் முடித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காய்ச்சல், கல்யாணம், ஆடிட் எல்லாம் தொடர் நடக்கும்போதுதான் வரும். வருமானத்தை நம்பி வேலையை விடாதீர்கள். முதல் நாவல் வாசகரைத் தரும், பணம் பின்னால் வந்தால் வரட்டும்.

ஒப்பந்தம் என்று வந்தால் அச்சு, மின்னூல், ஒலிநூல், திரை உரிமைகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். 'எல்லா உரிமையும், எப்போதைக்கும்' என்ற வாசகம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்துக்கும் இதே சட்டம் வருகிறது. கடிதத்தின் தாள் உங்களிடம் இருந்தாலும், அதன் வாசகத்துக்கான உரிமை பொதுவாக எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லாருமே அதில் வருவார்கள். அதனால் கடிதங்களை அப்படியே அச்சிடுவதைத் தவிருங்கள். தகவலையும் உணர்வையும் எடுத்துக்கொண்டு நாவலுக்குரிய கடிதங்களை நீங்களே எழுதுங்கள். ஊர், விலாசம் (குடும்பத்துக்குரிய முன்னெழுத்துகள்), கோயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். செட்டிநாட்டில் விலாசத்தின் இரண்டு எழுத்தைப் பார்த்தே எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதி முடிக்கும் முன் அனுமதி கேட்டு நிற்காதீர்கள், அச்சுக்குப் போகும் முன் கட்டாயம் காட்டுங்கள். முதலில் அத்தையிடம் கொடுங்கள். அப்பத்தாவுடன் அடுப்படியில் அதிக காலம் இருந்தவர் அவராகத்தான் இருப்பார். கடிதங்களில் இல்லாத பதில்கள், அப்பத்தா தன் பங்குக்கு ரங்கூனுக்கு எதையாவது சொல்லி அனுப்பினாரா என்பது உட்பட, அவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.