கேமில் 10க்கு 9, தையல் லைனில் முழிப்பு

ஒடியா தொழிலாளர்களுக்குத் தையல் லைனில் புழங்கும் தமிழ் வார்த்தைகளை கஹூட் என்ற வினாடி வினா கேமில் சொல்லிக்கொடுக்கிறீர்களா? கேள்விகளில் எழுத்தை எடுத்துவிட்டு உங்கள் சூப்பர்வைசரின் குரலைப் போடுங்கள். கஹூட்டில் 10க்கு 9 எடுக்கும் ஒடியா தொழிலாளர்கள் திருப்பூர் லைனில் முழிப்பதற்குப் பெரும்பாலும் எழுத்துத் தமிழில் பழகியதுதான் காரணம். திரையில் ‘நூல் அறுந்துவிட்டது’, லைனில் ‘நூலு அந்துபோச்சு’. போதாததற்கு கஹூட் வேகத்துக்கும் புள்ளி தருகிறது. படத்தைப் பார்த்துத் தட்டிவிடுவார்கள்.

சோதிக்க, போனைக் கவிழ்த்து வைத்து, ‘பிசிறு வெட்டு’ என்று வாய்ஸ் நோட் ஓடவிடுங்கள். கை கத்தரிக்குப் போகிறதா? போனால் சரி. அப்புறம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடும் சத்தத்தில் இன்னொரு தடவை. அங்கேதான் சறுக்கும்.

ஆனால் ‘மெஷினை ஆஃப் பண்ணு’ மாதிரி விரலைக் காப்பாற்றும் வார்த்தைகளைக் கேமிடம் விடாதீர்கள். முதல் நாளே ஒடியா தெரிந்த ஆளை வைத்து, மெஷின் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுங்கள்.