ஒரு மாதம் சக்கரத்தைக் கழற்றி வைத்தால் ஆறு வருட உழைப்பு போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. ஆறு வருடமாக ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங் (சக்கர ஷூவில் பாட்டுக்கேற்பத் தாவுவதும் சுழல்வதும்) பழகுகிறாள். வாரம் ஆறு நாள், காலை ஐந்தரைக்கும் மாலையிலும் பயிற்சி. இரண்டு மாதமாகக் குதிகால் வலி என்கிறாள். முன்பு சுலபமாகப் போட்ட சால்கோ தாவலில் இப்போது அடிக்கடி விழுகிறாள். ‘கொஞ்ச நாள் விடும்மா’ என்று கெஞ்சுகிறாள். மாஸ்டரோ, ஒரு மாதம் விட்டால் எல்லாம் போச்சு என்கிறார். டிசம்பரில் வெளிமாநிலத்தில் ஒரு ‘நேஷனல்’ இருக்கிறதாம். 14,000 ரூபாய் கட்டினால் சர்டிஃபிகேட் கிடைக்கும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவும் என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு தாய், திருநகர், மதுரை

விளையாட்டு பிசியோதெரபிஸ்ட் பதில்:

விடலாம் அம்மா. இன்று மாலைப் பயிற்சியிலிருந்தே விடலாம்.

குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகியவர் இருபது வருடம் கழித்து ஏறினாலும் நாலு மிதியில் பிடித்துவிடுவார். உடம்பு பழகிய வித்தை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் இறங்குவது மூச்சுதான். திரும்பி வரும்போது பாட்டு முடியும் முன்பே மூச்சு இளைக்கும். கால் வலு ஒரு மாதத்தில் பெரிதாகக் குறையாது. ஆனால் முதல் வாரம் கால் யாருடையதோ மாதிரி இருக்கும். அதைக் காட்டித்தான் மாஸ்டர்கள் ‘பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல’ என்பார்கள். பத்து நாளில் சரியாகிவிடும்.

பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அலீசா லியூ என்ற அமெரிக்கப் பெண் 2022-இல் பதினாறு வயதில் போதும் என்று ஒதுங்கினார். இரண்டு வருடம் போட்டிப் பக்கமே வரவில்லை. 2024-இல் திரும்பினார், 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக சாம்பியன் ஆனார். உங்கள் மகளும் அப்படி ஆவாள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருடமே ஒருவரைக் கவிழ்க்கவில்லை என்றால் நான்கு வாரத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

அடுத்தது வலி. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் சடசடவென்று வளர்வார்கள். எலும்பு முதலில் நீளும், தசை பின்னால் வந்து சேரும். இடையில் கெண்டைக்கால் இறுகி, குதிகாலின் பின்பக்கத்தில் இன்னும் முற்றாத வளர்ச்சிப் பகுதியைப் பிடித்து இழுக்கும். சிமென்ட் தளத்தில் தாவித் தாவி ஒரே காலில் இறங்கும் பிள்ளைக்கு இது சகஜம். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலின் இரண்டு ஓரத்தையும் உள்ளங்கைகளால் எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெல்ல அழுத்துங்கள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டால் அநேகமாக இதுதான். சால்கோவில் விழுவதும் இதே வளர்ச்சியால்தான். போன வருடத்து உயரத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்த உடம்பு, புது நீளத்தில் தடுமாறுகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

மூன்று முதல் நான்கு வாரம் சக்கரம் வேண்டாம். நீச்சல், வலிக்காத அளவுக்குச் சைக்கிள் இரண்டும் சரி. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கட்டும். கெண்டைக்காலைச் சுவரில் கை ஊன்றி நீட்டட்டும். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போட்டு அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இதெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது. அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வலி பரவலாக இல்லாமல் ஒரு விரல் நுனி வைக்கும் இடத்தில் மட்டும் இருந்தால், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பிலோ பாதத்தின் மேல் எலும்பிலோ அந்த ஒரு புள்ளியைத் தொட்டாலே துடித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். அதற்கு நான் மேலே சொன்ன நான்கு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. முக்கியமாக, முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பல நேரம் தெரியவே தெரியாது. என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு ‘எக்ஸ்ரே நார்மல், ஒண்ணுமில்லை’ என்று ஓர் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எண்ணெய் போட்டு நீவினார்கள். அப்புறம் தளத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தபோது மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் கோடு பளிச்சென்று தெரிந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் காலில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு புள்ளி வலி என்றால் எலும்பு மருத்துவரைப் பார்த்து, எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அந்தப் புள்ளியை யாரையும் நீவவும் விடாதீர்கள்.

சரி, அந்த 14,000 ரூபாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையில் வலிக்கிற இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பேரில் ‘நேஷனல்’ என்று இருந்தால் அது தேசியப் போட்டி ஆகிவிடாது. கோட்டாவுக்குச் செல்லுபடியாகும் தேசியச் சான்றிதழை ஃபார்ம் 2 என்பார்கள். அது மாநில அணிக்காக ஆடியவருக்குத் தருவது. மாநில அணி என்றால் அதற்கு முன் தேர்வுப் போட்டி நடந்திருக்க வேண்டும். உங்கள் மகள் எந்தத் தேர்வில் ஆடி எந்த இடம் பிடித்தாள்? அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றால் நீங்கள் கட்டுவது சுற்றுலாக் கட்டணம். எட்டுப் பேர் வந்த பிரிவில் எட்டுப் பேருக்கும் மெடல் மாட்டி போட்டோ எடுத்து அனுப்புவார்கள். கல்லூரி சேர்க்கையில் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பார்கள். அப்போது பணம் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒருநாள் நேரில் போங்கள். நடத்தும் சங்கத்தின் பேரைச் சொல்லி, இதற்கு அங்கீகாரம் உண்டா, இந்தச் சான்றிதழ் எந்தப் படிவத்தில் வரும் என்று கேளுங்கள். பணம் கட்டிவிட்டுக் கேட்காதீர்கள், கட்டும் முன் கேளுங்கள்.

ஓய்வே இல்லாமல் போனதற்கும் இப்படிப் போட்டி நடத்திக் காசு வாங்கும் கூட்டம்தான் காரணம். மாதம் ஒரு கப், மாதம் ஒரு கட்டணம். பிள்ளை எப்போது நிற்பாள்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வாரம் ஒன்றிரண்டு நாள் ஓய்வும், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகலும் வேண்டும் என்கிறது. மாதம் மாதமாகப் பிரித்தும் எடுக்கலாமாம். நம் ஊரிலோ பி.டி. பீரியடைக்கூடக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார், ஆனால் மெடல் மட்டும் வேண்டும்.

ஷூவையும் பாருங்கள். நீங்கள் விடுப்பு என்றதும் ‘திரும்பி வரும்போது புது செட் வேணும்’ என்று மாஸ்டரிடமிருந்து ஒரு ஆர்டர் வரலாம். இப்போது வாங்காதீர்கள், பாதம் இன்னும் வளரும். திரும்பும் வாரத்தில் சாயங்காலம் இரண்டு பாதத்தையும் அளந்து வாங்குங்கள். ‘வளர்ற பிள்ளை’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைப்பது மகா தப்பு. உள்ளே குதிகால் ஆடும், கணுக்கால் மடங்கும்.

திரும்பும்போது முதல் வாரம் பாதி நேரம், வெறும் ஓட்டமும் வளைவும். இரண்டாவது வாரம் ஸ்பின். மூன்றாவது வாரம் ஒற்றைத் தாவல்கள், ஒரு நாளைக்கு இத்தனை இறக்கம் என்று எண்ணி. ஒன்றரைச் சுற்றுத் தாவலான ஆக்ஸல் கடைசி. இதை ஒரு தாளில் எழுதி மாஸ்டர் கையில் கொடுங்கள். அவர் முதல் நாளே தாவச் சொன்னால் அன்றே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். தளத்துக்குத் திரும்பும் முன், ஓய்வின் நான்காவது வாரக் கடைசியில் மறுபடி அந்தக் குதிகாலை அழுத்திப் பாருங்கள். இன்னும் இழுத்துக்கொண்டால் மேலும் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். அப்போதும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் டிசம்பர் வந்துவிடுமே என்றால், வரட்டும்.