நான்காம் நாள் காலை

கேள்வி: சனி, ஞாயிறோடு திங்களும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வருகிறது. சனிக்கிழமை காலை காப்பகத்துக்குப் போய் ஒரு நாயைத் தத்தெடுத்து வந்தால், செவ்வாய்க்குள் அது வீட்டுக்குப் பழகிவிடும், நாங்கள் இருவரும் வழக்கம்போல் வேலைக்குப் போகலாம் என்பது என் திட்டம். பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று கொண்டுவந்து நிறுத்த ஆசை. மனைவி மட்டும் “யோசித்துச் செய்யலாம்” என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் திட்டத்தில் வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை, நாய்க்கு மட்டும்தான் வேலை. புது வீடு, புது மனிதர்கள், புது வாசனை, எங்கே படுப்பது, எங்கே ஒதுங்குவது என்று அத்தனையையும் மூன்று நாளில் படித்து முடித்து, செவ்வாய்க்கிழமை அது பரீட்சை எழுத வேண்டும்.

சரி, அந்த மூன்று நாளில் அது என்னதான் படிக்கும்? கண் விழித்தால் பக்கத்தில் ஆள். எழுந்து நடந்தால் பின்னால் இரண்டு பிள்ளைகள். எந்நேரமும் யாராவது ஒருவர் தடவிக்கொண்டே இருப்பார். வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அது முடிவுக்கு வந்துவிடுகிறது. நான்காம் நாள் காலை நான்கு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். ஒருமுறை வீட்டை இழந்து காப்பகத்துக்கு வந்த நாயாகவும் அது இருக்கலாம். நீங்கள் சாயங்காலம் திரும்பி வருவீர்கள் என்று அதற்கு யார் சொன்னது? ஊளையிடும், கதவைப் பிராண்டும், கையில் கிடைத்ததை, அதாவது வாயில் கிடைத்ததை, குதறி வைக்கும். வெளியே போய்ப் பழகிய நாய்கூடத் தனிமைப் பதற்றத்தில் கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். வந்து பார்த்து “அடங்காத நாய்” என்பீர்கள். மூன்று நாள் இரவும் பகலும் கூடவே இருந்து அப்படிப் பழக்கியது நீங்கள்தான்.

ஆகவே கொண்டுவருவதாக இருந்தால், விடுமுறையில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை நாயை விட்டுவிட்டு வெளியே போவது. முதலில் இரண்டு நிமிடம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு வாருங்கள். அப்புறம் ஐந்து, பத்து, அரை மணி. போகும்போது கொஞ்சிக் கண்கலங்க வேண்டாம், வரும்போதும் ஆரவாரம் வேண்டாம். அது பதறினால் நேரத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். பல நாய்களுக்கு இது பிடிபட வாரக்கணக்கில் ஆகும். செவ்வாய் முதல் ஒரு வாரத்துக்காவது வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் இருக்க வழியில்லை என்றால் இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திவிடலாம். குட்டிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் வேலை நேரம் எத்தனை மணி என்று நீங்கள் எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். காப்பகத்திலிருந்து வந்த நாய் முதல் இரண்டு மூன்று நாள் பல சமயம் குரைக்கக்கூடச் செய்யாது. மூலையில் சுருண்டு தூங்கும், சாப்பாட்டை மோந்துவிட்டு விலகும். “எவ்வளவு சாது பாருங்கள்” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமைப்படுவீர்கள். அது சாதுத்தனம் இல்லை, பயமும் களைப்பும். காப்பகக்காரர்கள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது தன் இடம் என்று நம்ப மூன்று மாதம். நீங்கள் அதில் முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டீர்கள். உண்மையான குணம் மூன்றாம் வாரத்தில்தான் எட்டிப் பார்க்கும், அப்போது உங்களுக்கு விடுமுறை இருக்காது.

பிள்ளைகளுக்குத் திடீர் மகிழ்ச்சி என்பதை முதலில் கைவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் நேரில் வந்து நாயைப் பார்த்த பிறகே கொடுப்போம் என்று பல காப்பகங்கள் சொல்வது காரணத்தோடுதான். ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற பிள்ளையிடமிருந்து அது முகத்தைத் திருப்புகிறதா, உதட்டை நக்கிக்கொள்கிறதா, தூக்கமே வராமல் கொட்டாவி விடுகிறதா என்று பாருங்கள். “என்னை விட்டுவிடு” என்று நாய் சொல்வது இப்படித்தான். அடுத்தபடியாக உறுமும். உறுமலுக்கு அடித்தால் எச்சரிக்கையை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

விடுமுறையில் தத்தெடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. “நாய் வாழ்நாளுக்கானது, கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல” என்று பிரிட்டனின் ஒரு நாய் நல அமைப்பு 1978-ல் ஒரு வாசகம் கொண்டுவந்து, அது உலகமெல்லாம் பரவியது. நல்ல வாசகம்தான், ஆனால் பழி முழுவதும் பண்டிகையின் தலையில் விழுந்துவிட்டது. எனக்குப் பண்டிகையோடு சண்டையில்லை, அதற்கு மறுநாளோடுதான்.

உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நாயை ஓரிரு இரவு மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு சில காப்பகங்களில் உண்டு. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை இப்படி அனுப்பிப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. வெளியே தங்கிய நாட்களில் சிறுநீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது, நாய்கள் இடையூறில்லாமல் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. திரும்பி வந்ததும் கார்டிசால் பழைய அளவுக்கு ஏறியது, ஆனால் அதைத் தாண்டவில்லை. கூட்டிப்போய்த் திருப்பி விட்டால் நாய் இன்னும் உடைந்துபோகும் என்ற பயத்துக்கு அது ஓரளவு பதில். உங்கள் மூன்று நாளுக்கு அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு இது. நாய்க்கு இரண்டு நாள் நல்ல தூக்கம், உங்களுக்கு ஒத்திகை. அதிகாலை ஐந்து மணிக்கு அதை வெளியே அழைத்துப்போக யார் எழுந்தார்கள் என்பதைக் குறித்துவையுங்கள்.

எழுந்தவர் யார் என்று எனக்கு இப்போதே ஒரு சந்தேகம். அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்களேன்.