அக்கித் தடுப்பூசி எத்தனை ஆண்டுகள் காக்கும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமியாருக்கு விலாவில் அக்கி வந்தபோது, ஊர் வழக்கப்படி செங்காவி குழைத்து அக்கி எழுதினோம். கொப்புளங்கள் பத்து நாளில் காய்ந்துவிட்டன; எரிச்சல் மட்டும் இன்றுவரை போகவில்லை. மின்விசிறிக் காற்று பட்டாலே துடிக்கிறார். இதைப் பார்த்துவிட்டு என் கணவருக்கு அக்கித் தடுப்பூசி போட நினைத்தோம். இரண்டு ஊசிகளுக்கும் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார்கள். ஒரு மருத்துவர் ஆயுளுக்கும் போதும் என்கிறார். இன்னொருவர் பத்து ஆண்டுதான் என்கிறார். இவ்வளவு செலவு செய்யும் நாங்கள் எதை நம்புவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மாமியார் படும் வேதனையை நான் நன்கு அறிவேன். சட்டைத் துணி விலாவில் உரசாமல் இருப்பதற்காக, அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடியே என் அறைக்குள் நுழைந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி உடலை விட்டுப் போவதில்லை; தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, வயதாலோ நோயாலோ நம் எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரே ஒரு நரம்பின் வழியாக இறங்கித் தோலில் கொப்புளமாக வெடிக்கிறது. கொப்புளம் ஆறிய பிறகும் அந்த நரம்பு பட்ட காயம் சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் எரிகிறது.

நீங்கள் கேட்கும் ஊசி ஷிங்ரிக்ஸ். அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற இது, இந்தியாவில் 2023இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே நம் ஊரில் இதைப் போட்டுக்கொண்டு பத்து ஆண்டுகளைக் கடந்தவர் என்று யாரையும் மருத்துவர் தம் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்குக் கிடைத்த இரண்டு பதில்களும் வெளிநாட்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. இரண்டுமே அந்த ஆய்வுகள் சொல்வதைச் சற்று மாற்றிச் சொல்கின்றன.

ஆய்வுகள் சொல்வது இதுதான். 2010இல் தொடங்கிப் பதினெட்டு நாடுகளில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பரிசோதனையில், சராசரியாக மூன்றாண்டு கண்காணிப்பில், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசி 97 சதவீதப் பாதுகாப்பு தந்தது. அதாவது ஊசி போடாத நூறு பேருக்கு அக்கி வரக்கூடிய அதே காலத்தில், போட்டுக்கொண்டவர்களில் மூன்று பேருக்கு மட்டுமே வந்தது. எழுபது வயதைக் கடந்தவர்களிடம் நடந்த இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்த வயதினருக்கு அது 91 சதவீதமாக இருந்தது. இவ்விரு பரிசோதனைகளிலும் ஊசி பெற்றவர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஆறாம் ஆண்டு முதல் பதினொன்றாம் ஆண்டு வரையிலான காலத்தை மொத்தமாகப் பார்த்தால் பாதுகாப்பு ஏறக்குறைய 80 சதவீதம். உங்கள் மருத்துவர் சொன்ன ‘பத்து ஆண்டு’ இந்தக் கண்காணிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அது பாதுகாப்பு முடிகிற ஆண்டு அல்ல. ஓர் இடைக்கால அறிக்கை வரை பார்த்து முடித்திருந்த ஆண்டு; இப்போது பதினொன்றாம் ஆண்டுவரை பார்த்துவிட்டார்கள். அதற்கு அப்பால் யாரும் இன்னும் அளக்கவில்லை என்பதால், ‘ஆயுளுக்கும் போதும்’ என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை.

இந்த நீண்டகால எண்களிலேயே ஓர் உறுதியின்மை உண்டு. அதை மறைக்காமல் சொல்வது என் கடமை. பரிசோதனை முடிந்ததும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றிருந்தவர்களுக்கும் உண்மையான ஊசியைத் தர முன்வந்தார்கள். அறப்படி அதுவே சரி. ஆனால் அதன் விளைவாக, பிந்தைய ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழு என்று ஒன்று இல்லாமல் போயிற்று; வெற்று ஊசிக் குழுவில் முன்பு அக்கி வந்த விகிதத்தை வயதுக்கேற்பத் திருத்தி, அதனோடுதான் ஒப்பிடுகிறார்கள். மேலும் ஒவ்வோர் ஆண்டிலும் அக்கி வருபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருப்பதால், தனித்தனி ஆண்டுக் கணக்கு ஏறி இறங்குகிறது: ஓர் இடைக்கால அறிக்கையில் பத்தாம் ஆண்டுக்கு 73 சதவீதம் என்று வந்தது, இறுதி அறிக்கையில் பதினொன்றாம் ஆண்டுக்கு 82 என்று வந்தது. பாதுகாப்பு குறைந்து மீண்டும் கூடியது என்று இதற்குப் பொருள் அல்ல. சிறிய எண்ணிக்கையில் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆடும்.

அன்றாட மருத்துவத்தில் கிடைத்த கணக்கு இன்னும் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் ஏறத்தாழ இருபது லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இரண்டு ஊசிகளும் போட்டவர்களுக்கு முதல் ஆண்டில் 79 சதவீதமும், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் 73 சதவீதமும் பாதுகாப்பு இருந்தது.

இவ்வளவு எச்சரிக்கையோடு நான் பேசுவதற்கு முந்தைய அனுபவம் ஒரு காரணம். 2006இல் அமெரிக்காவில் வந்த ஸோஸ்டாவாக்ஸ் என்ற பழைய அக்கித் தடுப்பூசி, தொடக்க ஆய்வில் அக்கியைப் பாதியாகக் குறைத்தது. தொடர்ந்து கண்காணித்தபோது, ஏழாம் ஆண்டு முதல் பதினொன்றாம் ஆண்டு வரையிலான காலத்தில் அது 21 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. 2020இல் அங்கே அதன் விற்பனை நின்றது. அதே கால அளவில் ஷிங்ரிக்ஸ் 80 சதவீதத்தில் நிற்கிறது என்பதைப் பெரிய முன்னேற்றமாகவே நான் கருதுகிறேன். பழைய ஊசியில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி இருந்தது. புதியதில் கிருமி இல்லை. அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதமும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் துணைப்பொருளும் இருக்கின்றன. அந்தத் துணைப்பொருளில் சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கும் சத்தும் சேர்கிறது. முதியவர்களிடமும் இது நன்றாக வேலை செய்வதற்கு இத்தூண்டுதல் முக்கியக் காரணம். ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் கைவலி, அசதி, காய்ச்சல் வருவதற்கும் அதுவே காரணம். கில்லன்–பாரே என்ற நரம்பு நோய், பத்து லட்சம் ஊசிகளுக்கு மூன்று பேர் என்ற அளவில் கூடுதலாக வரலாம் என்று அமெரிக்கக் கணிப்பு ஒன்று கூறுகிறது. அதையும் தெரிந்துகொண்டே முடிவு செய்யுங்கள்.

பத்தாண்டுதான் உறுதி என்றால் எழுபது வயதுவரை காத்திருக்கலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். நாடுகளே இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை: அமெரிக்கா ஐம்பதிலிருந்து போடச் சொல்கிறது, பிரிட்டன் 2023 முதல், பொதுவாக அறுபத்தைந்து வயதை எட்டுபவர்களுக்கும் எழுபதுகளில் இருப்பவர்களுக்கும் அரசு செலவில் போடுகிறது. உங்கள் கணவர் விஷயத்தில் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய் அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இப்போது போட்டால் எழுபத்திரண்டு வயதுவரை கணிசமான பாதுகாப்பு இருக்கும் என்று அளந்து பார்த்த ஆதாரத்தோடு சொல்ல முடியும். கடன் வாங்கித்தான் போட வேண்டும் என்ற நிலை இருந்தால் மட்டும் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒன்றை நினைவில் வையுங்கள். உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து கொப்புளம் கிளம்பினால், 72 மணி நேரத்துக்குள் கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்குவதே நல்லது. அக்கி எழுதுவது உங்கள் குடும்ப நம்பிக்கை என்றால் அதை நான் தடுக்கவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அந்த மூன்று நாள் போனால் திரும்பாது.

கேள்வி: எனக்கு 67 வயது. முதல் ஊசி போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. இரண்டாவதை மறந்துவிட்டேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி என்பதுதான் முறை என்றாலும், தாமதமானால் இரண்டாவது ஊசியை மட்டும் உடனே போட்டுக்கொண்டால் போதும். நான் மேலே குறிப்பிட்ட அமெரிக்கப் பதிவுகளில், ஒரே ஊசியோடு நிறுத்தியவர்களுக்கு முதல் ஆண்டில் 70 சதவீதமாக இருந்த பாதுகாப்பு இரண்டாம் ஆண்டில் 45 ஆகச் சரிந்தது. நீங்கள் இப்போது அந்தச் சரிவை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் பாதுகாப்பு எவ்வளவு மிச்சம் என்று தெரியுமா?
– வாசகர், சேலம்

பதில்: தெரியாது. ஊசி போட்டுப் பத்தாண்டு ஆனவர்களிடம் எதிர்ப்புப் புரதம், ஊசிக்கு முன் இருந்ததைப்போல ஐந்து மடங்குக்கு மேல் நீடித்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்த அளவுக்கு மேல் இருந்தால் அக்கி வராது என்று சொல்லும் எல்லைக்கோடு எதுவும் கண்டறியப்படவில்லை. அக்கியை அடக்குவதில் பெரும்பங்கு ரத்த வெள்ளை அணுக்களுக்கு உரியது, அவற்றின் வலிமையை வழக்கமான ஆய்வகங்கள் அளப்பதில்லை. மூன்றாவது ஊசிக்கும் இன்றைய தேதியில் பொதுப் பரிந்துரை இல்லை. பாதுகாப்பை அளக்கும் ரத்தப் பரிசோதனை என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.