“உங்கம்மாவைப் பிதா இழுக்கலை போல” என்று யாராவது சொன்னால்

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடமாகிறது. போன வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் யோவான் 6:44 படித்தோம். என் அம்மா இன்றும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பவர். அது தெரிந்த ஒரு பிரதர், “பிதா இழுத்தால்தான் வர முடியும் சிஸ்டர், உங்கம்மாவை இழுக்கலை போல” என்று சொல்லிவிட்டார். மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்த என் கணவர், “அப்படியெல்லாம் கிடையாது” என்கிறார். அம்மாவுக்காக ஜெபிப்பது வீணா? நான் மட்டும் தெரிந்துகொள்ளப்பட்டவள் (தேவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவள்) என்று எப்படித் தெரியும்? ராத்திரி தூக்கம் வருவதில்லை. (செந்தூல் வாசகி)

பதில்: அந்த பிரதர் சொன்னதை எந்தச் சபையின் உபதேசமும் தாங்காது. முன்குறித்தலை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்தார் என்பதை, மிகக் கண்டிப்பாகப் போதிக்கும் சபைகள்கூட, உயிரோடிருக்கும் ஒருவரைக் காட்டி “இவர் அந்தப் பட்டியலில் இல்லை” என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் தருவதில்லை.

யோவான் 6:44-ஐத் தனியாகப் பிய்த்து எடுத்ததுதான் கோளாறு. 37-ஆம் வசனத்திலிருந்து 45 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். இடம் கப்பர்நகூம். முந்தின நாள் அப்பம் தின்ற கூட்டம், “இவன் யோசேப்பின் குமாரன் அல்லவா, இவனுடைய தாய் தகப்பனை நமக்குத் தெரியுமே” என்று முணுமுணுக்கிறது. அவர்களுக்குச் சொன்ன பதில் இது: பிதா இழுக்காமல் ஒருவனும் வரமாட்டான். அந்த இழுப்பு எப்படி நடக்கிறது என்று அடுத்த வசனமே சொல்கிறது: பிதாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவன் வருகிறான். கேட்பதற்கும் கற்பதற்கும் காலம் பிடிக்கும். வந்தவன் எப்படி வந்தான் என்பதை இந்த வசனம் விளக்குகிறது. இன்னும் வராதவரைப் பற்றி அது ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. “வரவில்லை, ஆகவே இழுக்கப்படவில்லை, ஆகவே இனியும் வரமாட்டார்” என்பது அந்த பிரதர் சொந்தமாகக் கட்டிய கணக்கு.

அடுத்த அதிகாரத்துக்குப் போங்கள். யோவான் 7:5-இல் இயேசுவின் சொந்தச் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை. அன்றைக்கு யாராவது அவர்களுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போஸ்தலர் 1:14-இல் அதே சகோதரர்கள் மேல்வீட்டில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். அவர்களில் ஒருவரான யாக்கோபு பின்னாளில் எருசலேம் சபைக்குத் தூணாக நின்றார். கூட்டத்தில் மறுபடி பேச்சு வந்தால், “யோவான் 7:5-ஐயும் வாசிச்சிருவோம் பிரதர்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதற்கும் வேர் உண்டு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கக் கோயில்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்றிலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும்.

16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியன் சபைகள், தேவன் தம் சித்தத்தால் மட்டுமே தெரிந்துகொண்டார், எதிர்கால விசுவாசத்தைப் பார்த்து அல்ல, அவர் இழுத்தால் அந்த இழுப்பு தோற்காது என்கின்றன. ஹாலந்தில் ஆர்மீனியஸ் என்னும் இறையியலாளரின் சீடர்கள் 1610-இல் இதை மறுத்து ஐந்து கூற்றுகளை எழுதினார்கள். 1618–19-இல் டார்ட் நகரில் கூடிய ஆலோசனைச் சங்கம் அவற்றை நிராகரித்தது. இன்று ‘கால்வினிசத்தின் ஐந்து குறிப்புகள்’ என்று சொல்வது அங்கே கொடுத்த பதிலிலிருந்து வந்தது. மெதடிஸ்ட் சபையின் தகப்பனான ஜான் வெஸ்லி ஆர்மீனியஸ் பக்கம். மனிதனை முந்திக்கொண்டு எல்லாரிடமும் வேலை செய்யும் கிருபை ஒன்று உண்டு, அதற்கு இணங்கவும் எதிர்த்து நிற்கவும் மனிதனால் முடியும் என்றார். “எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்” என்னும் யோவான் 12:32 இந்தப் பக்கத்துக்குப் பலம். அசெம்பளிஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகளும் பெரும்பாலும் இங்கேதான் நிற்கின்றன.

லுத்தரன் நிலை தனி. இரட்சிக்கப்பட்டால் அது முழுக்க தேவன் செய்தது, கெட்டுப்போனால் அது முழுக்க மனிதன் தேடிக்கொண்டது. அழிவுக்கென்று ஒருவரையும் தேவன் நியமிக்கவில்லை என்று 1577-ஆம் ஆண்டின் அறிக்கையில் எழுதிவைத்தார்கள். இரண்டையும் தர்க்கத்தால் முடிச்சுப் போட மறுக்கிறார்கள். அந்த மறுப்பு நேர்மையானது என்றே தோன்றுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் நரகத்துக்கென்று தேவன் யாரையும் முன்குறிப்பதில்லை என்றே போதிக்கிறது. தீமைக்கு முன்குறித்தல் என்னும் கருத்தை 529-இல் ஆரஞ்ச் நகரில் கூடிய ஆயர்களின் சங்கமே கண்டித்துவிட்டது.

அடுத்து, ஜெபம் வீணா என்ற கேள்வி. நம் வீடுகளில் ‘முன்குறித்தல்’ காதில் விழுந்ததும் ‘தலையெழுத்து’ என்று மனம் மாற்றிக் கேட்டுக்கொள்கிறது. பிழை அங்கேதான். தலையெழுத்து என்றால் நீங்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் நடக்கும். வேதாகமம் சொல்லும் தெரிந்துகொள்ளுதல் வழியையும் சேர்த்தே நியமிக்கிறது. அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புயலில் கப்பல். உள்ளே 276 பேர். ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்று தேவன் பவுலுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் கப்பலாட்கள் நங்கூரம் போடுவதுபோல் பாசாங்கு பண்ணிப் படவை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் நூற்றுக்கு அதிபதியை எச்சரிக்கிறார். சேவகர் படவின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். முடிவில் பலகையைப் பிடித்தாவது அத்தனை பேரும் கரை சேர்கிறார்கள். வாக்கும் உறுதி, கயிறு அறுபட வேண்டியதும் அவசியம்.

அதே பவுல்தான் ரோமர் 9-ஐ எழுதினார். பிறக்கும் முன்பே தேவன் ஏசாவை விட்டு யாக்கோபைத் தெரிந்துகொண்ட பேச்சை அங்கே முடித்த கையோடு, 10:1-இல் இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டுமென்பதே தன் விருப்பமும் விண்ணப்பமும் என்கிறார். ரோமர் 9, 10, 11 மூன்றும் சேர்த்து 90 வசனங்கள். சத்தமாக வாசித்தாலும் அரைமணி நேரம் ஆகாது. பலர் ‘அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட’ பாத்திரங்களைப் பேசும் 9:22-இல் பயந்து புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 11:23 வரை போனால், முறிக்கப்பட்ட கிளைகளையும் (விசுவாசியாத இஸ்ரவேலரையும்) மறுபடி ஒட்டவைக்கத் தேவன் வல்லவர் என்று இருக்கிறது. அம்மாவுக்காக ஜெபிக்கும்போது பெயர் சொல்லி ஜெபியுங்கள். தீபாவளிக்கு வீட்டுக்குப் போங்கள், சமையலில் கூடமாட நில்லுங்கள். அவர் கேட்டால் உங்கள் விசுவாசத்தைச் சொல்லுங்கள். அந்த பிரதர் சொன்னதை மட்டும் அவர் காதுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

‘நான் தெரிந்துகொள்ளப்பட்டவளா’ என்பதற்கு: தேவனுடைய இரகசியத் தீர்மானத்திலிருந்து ஆரம்பித்தால் விடை கிடைக்காது. கால்வினே அப்படித் தேடுவதைத் தடுத்தார். கிறிஸ்துவே நம் தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கும் கண்ணாடி என்றார். தம் பெரிய இறையியல் நூலின் 1559 பதிப்பில் இந்த உபதேசத்தை ஆரம்பத்தில் வைக்காமல், விசுவாசத்தையும் ஜெபத்தையும் பேசி முடித்த பிறகுதான் வைத்தார். நீங்களும் அந்த வரிசையில் போங்கள். முதலில் யோவான் 6:37: “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.” நீங்கள் வந்திருக்கிறீர்கள், ஆகவே இந்த வாக்கு உங்களுக்குச் சொன்னது. அதன்பின் ரோமர் 8:28–39. கடைசியாக 2 பேதுரு 1:5–10. அழைப்பை உறுதியாக்கிக்கொள்ளப் பேதுரு காட்டும் வழி அன்பு, பொறுமை, இச்சையடக்கம் போன்ற அன்றாட வளர்ச்சி. அந்நியபாஷையும் ஆராதனையில் வரும் கண்ணீரும் அந்தப் பட்டியலில் இல்லை.

ராத்திரியில் மனதைத் தோண்டிச் சோதிப்பதை நிறுத்துங்கள். உணர்ச்சி ஏறி இறங்கும், அதை வைத்து அளந்தால் தினமும் வேறு அளவு வரும். உண்மையான விசுவாசிக்கும் இரட்சிப்பின் நிச்சயம் வர நெடுங்காலம் ஆகலாம் என்று, பிரஸ்பிட்டேரியன் சபைகள் பின்பற்றும் 1646-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. இந்தச் சிந்தனையிலேயே மூழ்கிக் கிடப்பது சிலரை நம்பிக்கையிழப்பில் தள்ளும் என்று ஆங்கிலிக்கன் சபையின் விசுவாசப் பிரமாணங்களில் 17-ஆவதும் எச்சரிக்கிறது.

கணவரோடு இந்த விஷயத்தில் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. வெஸ்லியும் கால்வின் பக்கம் நின்ற பிரசங்கியார் ஒயிட்ஃபீல்டும் இதற்காகவே வெளிப்படையாக மோதியவர்கள். 1770-இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அம்மாவுக்காக நீங்கள் இருவரும் சேர்ந்தே ஜெபிக்கலாம்.

தூக்கமின்மை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடும் இறங்காவிட்டால், பாஸ்டரிடம் பேசுவதோடு பக்கத்துக் கிளினிக்கில் டாக்டரையும் பாருங்கள். ஒரே பயம் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அதையும் முந்தைய தீர்ப்போடு சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.