துணிக்கேற்ற நகையா, நகைக்கேற்ற துணியா?

நகைப் பாணிகளும் நகை செய்தவர்களும் ஃபேஷனை எப்படி மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உடுப்பை எடுத்த பிறகு அதற்குப் பொருத்தமாக நகை தேடுவதே பலருக்கும் பழக்கம். அதனால் நகைதான் உடுப்பை மாற்றியது என்றால் நம்ப மாட்டார்கள். பினாங்கில் இருக்கும் எனக்கு உடனே நினைவுக்கு வருவது கெரோங்சாங்.

இங்குள்ள சீன வம்சாவளிப் பெரானாக்கான் சமூகத்துப் பெண்களை ஞோஞா என்பார்கள். அவர்கள் அணியும் கெபாயா என்ற மேல்சட்டைக்குப் பித்தான் கிடையாது. முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிப்பவை மூன்று ஊசி நகைகள். அவைதான் கெரோங்சாங். முன்பு முழங்கால்வரை தொங்கும் பாஜு பாஞ்சாங் என்ற நீளச் சட்டை அணிந்தார்கள். அதில் மேலே பெரிதாக ஒரு கெரோங்சாங், கீழே வட்டமாக இரண்டு. தாயும் பிள்ளைகளும் என்றே அவற்றுக்குப் பெயர். பிறகு துணி மெல்லிசாகி, நீளம் குறைந்து, பூவேலை செய்த கெபாயா வந்தது. அதோடு ஒரே அளவில் மூன்றைச் சங்கிலியால் கோத்த கெரோங்சாங் பரவியது. நாலு பித்தான் வைத்துத் தைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அந்த நகையை விட்டுக்கொடுக்க மனம் வராமல்தான் கெபாயா இன்றும் திறந்த முன்பக்கத்தோடு இருக்கிறது என்பது என் கருத்து. துக்க காலத்தில் தங்கத்தையும் வைரத்தையும் கழற்றிவிட்டு வெள்ளியும் முத்தும் அணிவார்கள். ஜார்ஜ் டவுன் சர்ச் ஸ்திரீட்டில் இருக்கும் பெரானாக்கான் மாளிகையில் நகைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு, அவசியம் பாருங்கள்.

நம்மவர்கள் பக்கம் வந்தால், நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை. வெள்ளியில் செய்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக்கல் பதிப்பது. சாமிக்குச் சாத்தியது பரதநாட்டிய மேடைக்கு வந்து, இப்போது கல்யாணப் பெண்ணின் கழுத்துவரை வந்துவிட்டது. அட்டிகையா, நீண்ட காசுமாலையா என்று முடிவான பிறகுதான் ரவிக்கையின் கழுத்தை எவ்வளவு இறக்குவது என்று தையல்காரரிடம் சொல்ல முடியும். லிட்டில் இந்தியாவில் கல்யாண ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பாரிஸின் கார்ட்டியே நகை நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் கார்ட்டியே, பிரிட்டிஷ் மன்னரின் முடிசூட்டு விழாவாக 1911இல் நடந்த டெல்லி தர்பாருக்கு வந்தார். அதன் பிறகு இந்தியாவில் இலை, பூ வடிவில் செதுக்கிய மரகதமும் மாணிக்கமும் பாரிஸ் நகைகளில் ஏறின. 1928இல் பாட்டியாலா மகாராஜாவுக்கு அதே நிறுவனம் செய்து முடித்த கழுத்தணியில் மட்டும் 2,930 வைரங்கள். அப்புறம் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கோக்கோ ஷனேல் போலி முத்தை அசலோடு கலந்து போட்டுக் காட்டினார். விலை குறைந்த நகையும் நாகரிகம்தான் என்று ஆனது அதற்குப் பிறகு.

எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கார்ட்டியே என்ற பெயர் உலகத்துக்கே தெரியும். ஞோஞா நகைகளைச் செய்தவர்களில் சீனர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் எந்தக் கெரோங்சாங்கை எந்தக் கை செய்தது என்பது பெரும்பாலும் பதிவாகவில்லை. நம் வீட்டு நகைகளின் கதையும் அப்படியே. உங்கள் பாட்டியின் அட்டிகையைச் செய்த பத்தரின் பெயர் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், எந்த ஊர், எந்தத் தெரு என்பதையும் கேட்டு எழுதி, அந்த நகைப் பெட்டியிலேயே வையுங்கள்.